கேரவனில் தீபம் தெரியவில்லை

எங்கள் வீட்டில் கார்த்திகை தீபத்தன்று ஒரு வழக்கம். திருவண்ணாமலையில் மலைமேல் தீபம் ஏற்றுவதை டிவியில் பார்த்த பிறகுதான் என் மனைவி வீட்டு விளக்கை ஏற்றுவாள். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நடுவில் அவளுக்குச் சுகர் வந்தது. டாக்டர் திட்டினார், நானும் சொல்லிப் பார்த்தேன். அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்று விட்டாள்.

நான் ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகும் கேரவன் வண்டியின் டிரைவர். நடிகர்கள் இளைப்பாற உள்ளே சோபா, ஏசி, டிவி எல்லாம் உண்டு. போன வருஷம் தீபத்தன்று எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, வீடுகள் இன்னும் எழும்பாத ஒரு காலி லேஅவுட்டில் வண்டி நின்றது. மழையால் ஷூட்டிங் இல்லை. ஆனால் வண்டியை விட்டு நகரக் கூடாது என்று முதலாளி உத்தரவு. நான் இல்லாமல் விளக்கேற்ற அவளுக்கு மனமில்லை. அகல், எண்ணெய், அடை டப்பா, மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீடு இருக்கும் ஹெப்பகோடியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

"இங்கதான் நம்ம வீட்டுல இருக்கறதவிட பெரிய டிவி இருக்கே" என்று சோபாவில் உட்கார்ந்தாள்.

ஐந்து மணி இருக்கும். டிவியைப் போட்டேன். சிக்னல் இல்லை என்று நீலத் திரை வந்து நின்றது.

கேரவன் டிவியோடு எனக்கு எப்போதும் மல்லுக்கட்டுதான். வீட்டு டிஷ் ஒரு முறை பூட்டினால் அப்படியே நிற்கும். இதையோ வண்டி நிற்கும் ஊருக்கு ஊர் கூரைமேல் ஏறித் திருப்பி வைக்க வேண்டும். செட்டாப் பாக்ஸை அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். டிஷ் கம்பெனிக்கு போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் பாக்ஸை அணைத்துப் போடச் சொன்னது. செல்போனில் பார்க்கலாமென்றால் அங்கே டவர் கிடையாது, வட்டம்தான் சுற்றியது.

ஏணி வைத்து ஏறினேன். கூரை வழுக்கியது. தென்கிழக்குப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பினேன்.

"வந்துச்சா?"

"வருது... வருது... போச்சு."

"எந்தப் பக்கம் திருப்பறப்போ போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் டிவியைப் பாக்கறேன், உங்களயா பாக்கறேன்?"

லேஅவுட் வாட்ச்மேன் குடையோடு வந்து நின்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "ஸ்வல்ப லெஃப்ட் அண்ணா. இல்ல இல்ல, ரைட்." அவருக்கு டிவியும் தெரியாது, டிஷ்ஷும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். திருப்பித் திருப்பி, டிஷ்ஷைப் பிடித்திருந்த போல்ட்டும் மரை கழன்று தொளதொளவென்று ஆகிவிட்டது.

உள்ளே அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "தல லேசா சுத்துது. ஒண்ணுமில்ல, நீங்க பாருங்க" என்றாள். "தண்ணியாவது குடிச்சித் தொலையேன்" என்று கத்தினேன்.

வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணா, அது மூக்கு மேல என்னா மண்ணு?"

டிஷ்ஷுக்கு எதிரே கம்பி நுனியில் சிக்னலை வாங்கும் குமிழைச் சொன்னார். மண் இல்லை, சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்டியரிங், டயர், ஜெனரேட்டரோடு அதற்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைப்பேன். வைத்த பொட்டை அழிக்க மனம் வராது, பழசின் மேலேயே புதுசை அப்புவேன். நாலு வருஷத்துச் சந்தனம் மழையில் ஊறி, களிமண் பூசிய மாதிரி குமிழை மூடியிருந்தது. சிக்னல் எப்படி நுழையும்?

கையில் துண்டு இருந்தும் துடைக்கக் கை வரவில்லை. கீழே சுமங்கலி விரதமிருக்கிறாள், மேலே நான் குங்குமத்தை அழிப்பதா?

விஷயத்தைச் சொன்னேன். உள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள். "நீங்க தெனம் மொகம் கழுவறதில்லையா? கழுவிட்டுத்தானே விபூதி வெக்கறீங்க?"

துடைத்தேன். கூரைத் தண்ணீரை அள்ளி ஊற்றித் தேய்த்தேன். டிஷ்ஷைக் கொஞ்சம் நிமிர்த்தியதும், "நில்லுங்க, அப்படியே நில்லுங்க. மலை தெரியுது" என்றாள்.

கையை எடுத்தால் டிஷ் சாய்ந்தது. அதனால் அதைக் கட்டிக்கொண்டு குனிந்தபடி நின்றேன். இடுப்பு கடுத்தது. சற்று நேரத்தில் டிவியிலிருந்து அரோகரா என்று பெரிய சத்தம் எழுந்தது. அதனூடே அவள் குரலும் கேட்டது. கும்பிடக்கூட எனக்குக் கை இல்லை. தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டேன்.

வண்டிப் படியில் அகல் வெளிச்சம் தெரிந்தது. "எறங்கி வாங்க" என்றாள்.

"கைய எடுத்தா போயிடும். நீ நல்லா பாரு."

"நான் பாத்துட்டேன். நீங்க ஒரு வெளக்காவது ஏத்துங்க. அப்பறந்தான் நான் வாயில எதையும் வெப்பேன்."

டிஷ்ஷை விட்டேன். "போச்சுண்ணா" என்றார் கதவு வழியே டிவியை எட்டிப் பார்த்த வாட்ச்மேன், எனக்குத் தெரியாத மாதிரி.

ஈரக் கையோடு இரண்டாவது அகலை ஏற்றினேன். மூன்று குச்சி வீணானது. அவள் டப்பாவைத் திறந்து அடையைப் பிட்டு முதலில் என்னிடம் நீட்டினாள்.

"சாமி சத்தியமா சொல்றேன், மொதல்ல நீ தின்னு" என்றேன்.

சிரித்துக்கொண்டே வாயில் போட்டாள். அவள் மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, மாத்திரையும் போடும்வரை சொட்டச் சொட்ட எதிரிலேயே நின்றேன்.