தீவுக்குப் போன தண்ணீர்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் திருமுக்கூடல் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். விடாமல் தூறுகிறது. பக்கத்தில் பெரிய பையோடு உட்கார்ந்திருப்பவர் பெயர் சேட்டு. ஒரு தீவுக்குக் கடலடியில் குடிநீர்க் குழாய் பதித்த இடத்தில் வெல்டராக இருந்தவர். வேலை முடிந்து ஊர் திரும்புகிறார்.

“கடலுக்கு அடியில பள்ளம் தோண்டிக்கினே போனோம் சார். அங்க நம்ம வயலாட்டம் புல்லு கீது. அவ்ளோவும் பேந்து வந்துச்சி. தண்ணி ரொம்ப நாளு சேறாவே கெடந்துச்சி.”

அந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடல்பசு ஒன்று, எலும்பும் தோலுமாகச் செத்துக் கரை ஒதுங்கியதாம். மீனவர்கள் அதை இழுத்து வந்து இவர்கள் தங்கியிருந்த கொட்டகை முன்னால் போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

“நாங்கதான் பொதைச்சோம். ரெண்டு நாளு சோறு எறங்கல சார்.”

“குழாயே போடாமல் இருந்திருக்கலாமோ?” என்று கேட்கிறேன்.

“அத்த எப்டி சார் சொல்றது? அங்க பொம்பளைங்க படகுல போயி தண்ணி கொண்டாந்துக்கினு இருந்தாங்க. கொழாயில தண்ணி வந்த அன்னிக்கு ஒரு அம்மா சொம்புல புடிச்சி எனக்குக் குடுத்துச்சி.”

“குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.” அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். “நல்லாத்தான் இருந்துச்சி.”