ராசிபுரம் தாண்டி நின்றுபோன பைக்

ராசிபுரம் தாண்டியதும் பைக் இருமிக்கொண்டே நின்றுவிடுகிறது. பத்தரைக்கு நாமக்கல்லில் ஒரு பள்ளியில் என் மனைவி செல்விக்கு ஆசிரியர் வேலைக்கான நேர்காணல். பஸ்ஸில் போகலாம் என்றவளிடம் பைக்கே போதும் என்று சொன்னவன் நான்தான். கிக்கரை உதைத்து உதைத்துப் பார்க்கிறேன். ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டியும் பயனில்லை. செல்வி சான்றிதழ் ஃபைலை அணைத்தபடி மணி பார்க்கிறாள்.

கோழித் தீவன மூட்டைகளோடு வந்த மினிவேன் ஓரங்கட்டுகிறது. ஓட்டிவந்த அம்மா இறங்கி வந்து, பெட்ரோல் டேங்க் மேல் நேற்று நான் மாட்டிய புது உறையைத் தொட்டுப் பார்க்கிறார்.

“ஏனுங்க, இதைக் கழட்டிப்போட்டு மூடியத் தொறங்க.”

திறக்கிறேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போகிறது.

“மூடில இருக்குற காத்து ஓட்டைய உறை அடைச்சிருச்சுங்க. காத்து போகாட்டி பெட்ரோல் எறங்காதுங்க. இப்ப உதைங்க.”

இரண்டாவது உதையில் வண்டி கிளம்பிவிடுகிறது.

“பத்தரைக்கு இன்டர்வியூங்க. ரொம்ப நன்றிங்க” என்கிறாள் செல்வி.

“அப்பறம் எதுக்கு நின்னு பேசிட்டிருக்கற? கெளம்பு சாமி” என்கிறார் அந்த அம்மா.

பத்து இருபதுக்குப் பள்ளி வாசலில் நிறுத்துகிறேன். செல்வி சேலை மடிப்பைச் சரிசெய்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போகிறாள். இப்போதுதான் எனக்குப் பசிக்கத் தொடங்குகிறது.