புஷ்பம் மெஸ்ஸின் ஒல்லி நாய்

அரியலூரில் சிமெண்ட் லாரிக்காரர்கள் சாப்பிடும் இடங்களில் மரிய புஷ்பத்தின் மெஸ்ஸுக்குத் தனிப் பெயர். இலையில் வெற்றிடம் தெரிந்தால் அவளுக்குப் பொறுக்காது. போதும் என்று கை மறிப்பவருக்கும் இன்னொரு கரண்டி விழும். அப்படிப்பட்டவள் வளர்க்கும் நாய் எலும்பும் தோலுமாக நின்றால் ஊர் சும்மா இருக்குமா?

மொராக்கோவில் வேலை பார்த்த தம்பி ஜான் பீட்டர் ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த நாய் அது. ஸ்லூகி என்ற இனம். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்து மக்கள் முயலையும் மானையும் துரத்திப் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. கூடாரத்துக்குள் தங்களோடு படுக்க வைத்துக்கொள்வார்களாம். நாய்க்கு ராணி என்று பெயர். தம்பிக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் அது அக்கா புஷ்பத்தின் பொறுப்பாயிற்று. பெயருக்கேற்ற மகாராணிதான். தரையில் படுக்காது, கட்டில் வேண்டும். குரைப்பது அபூர்வம். புஷ்பம் வைத்தால்தான் தின்னும். தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று அவளுக்கே புரியவில்லை.

லாரி டிரைவர் குழந்தைவேலுக்குத் தொந்தியும் பெரிது, வாயும் பெரிது. ஒருநாள் இரக்கப்பட்டு ராணிக்குக் கறித்துண்டு ஒன்றை நீட்டினார். அது முகர்ந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பட்டினி கெடக்குற நாயே இந்தக் கறியத் தொட மாட்டேங்குது" என்றார் அவர். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் லாரிக்கு லாரி பரவி, மெஸ்ஸில் பாதி பெஞ்சு காலியானது. அதன் உடல்வாகே அப்படித்தான் என்று தம்பி போனில் சொன்னான். அதை யாரிடம் போய்ச் சொல்வது? தன் சோற்றைக் குறை சொல்லிவிட்டார்களே என்று புஷ்பத்துக்கு அழுகையே வந்தது. அதற்காக நாயைத் துரத்தவும் மனம் வரவில்லை.

அடுத்த வாரம் குழந்தைவேல் டீயை மட்டும் குடித்துவிட்டு லாரியை எடுத்தார். பக்கக் கண்ணாடியில் கட்டியிருந்த துண்டு காற்றில் படபடத்தது. அசைவதைக் கண்டால் ராணிக்கு இருப்புக் கொள்ளாது. கட்டிலிலிருந்து ஒரே தாவல். லாரி வேகம் பிடித்தது, ராணியும் பிடித்தது. கையில் கரண்டியோடு ரோட்டுக்கு ஓடிவந்த புஷ்பம் மாதாவை வேண்டிக்கொண்டு நின்றாள்.

சற்று நேரத்தில் ராணி வாயில் துண்டோடு திரும்பி வந்தது. பின்னாலேயே லாரியும் வந்தது. துண்டைப் புஷ்பத்தின் காலடியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் கட்டிலில் ஏறிப் படுத்தது.

குழந்தைவேல் இறங்கி, அங்கிருந்த டிரைவர்களிடம் தானே போய்ச் சொன்னார். "அம்பதுல போறேன், வண்டிக்குச் சமமா வருதுய்யா. பட்டினி கெடந்தா இப்புடி ஓடுமா?"

பிறகு கையைக் கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார்.

"அக்கா, அதுக்கு என்ன போடுறீங்களோ, அதையே எனக்கும் போடுங்க."

புஷ்பம் இலை தெரியாமல் போட்டாள்.