ஒன்றுமே நடக்காத சமையலறை

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். ஆபரேஷன் தியேட்டரைத் துடைப்பவள். ஒரு ஆபரேஷன் முடிந்து அடுத்த ஆளை உள்ளே தள்ளிக்கொண்டு வர அரை மணி நேரம் இருக்கும். அதற்குள் ரத்தமும் பஞ்சும் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். பெரிய நர்ஸம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "இங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி பண்ணிட்டியே" என்பார். "அதுதானே என் வேலைம்மா" என்பாள் இவள். இருபத்திரண்டு வருஷம் முழங்கால் தேய்ந்ததற்கு அவளுக்குக் கிடைத்த மெடல் அந்த ஒரு வாக்கியம்தான்.

அப்படிப்பட்டவளின் சமையலறையில் தீப்பிடித்தால் சும்மா இருப்பாளா? இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கட்கிழமை, அவளுக்கு லீவு நாள். தெருவில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு பிரிட்ஜுக்குப் பின்னால் ஒயர் பொசுங்கித் தீ பிடித்தது. மெயினை அணைத்துவிட்டு, நனைத்த கம்பளியும் வாளித் தண்ணீருமாக ஒற்றை ஆளாய் நின்று அணைத்தாள். இடுப்பொடிந்து மூன்று வருஷமாகப் படுத்திருக்கும் கணவர் அடுத்த அறையில் அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். எல்லாம் அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் துடைத்தாள். கருகிய பிரிட்ஜையும் அலமாரியையும் பழைய சாமான்காரர் வண்டியில் ஏற்றினாள். கரியைச் சுரண்டி, சோடா போட்டுத் தேய்த்து, சுவரிலும் கூரையிலும் இரண்டு கோட் வெள்ளை அடித்தாள். துடைத்த துணிகளைக்கூட வேகவைத்து அலசிக் கொடியில் போட்டாள்.

வியாழக்கிழமை, புது அலமாரிப் பலகை பதிக்க வந்த கொத்தனார் சுத்தியல் காம்பால் மேல் தளத்தைத் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"சூட்டுல கான்கிரீட் உள்ளயே கம்பிய விட்டுப் போச்சும்மா. வெள்ளையை நம்பி இதுக்குக் கீழ நிக்காதீங்க. மொத்தமா இடிச்சுட்டுத்தான் போடணும்."

ஆகும் செலவை அவர் சொன்னதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அதே தளம்தான் அடுத்த அறைக்கும் நீண்டு, கணவரின் கட்டிலுக்கு மேலே நின்றது. அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் கூடவே இன்சூரன்ஸும் போட்டிருக்கும் என்று ஞாபகப்படுத்தியது நர்ஸம்மாதான். வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"எதையும் தொடாம அப்படியே வச்சிருக்கீங்கல்ல?"

இவள் வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள்.

"போட்டோ எடுத்தீங்களா? கருகின சாமான் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. சுத்தம் பண்ணிட்டேன்."

"ஏழு நாளுக்குள்ள க்ளைம் போடணும். ஆனா ஒரு அடையாளமும் இல்லாமப் போட்டா பொய் க்ளைம்னு எடுத்துப்பாங்க, கேஸ்கூட ஆகலாம். யோசிச்சுப் பண்ணுங்க."

விஷயம் கேட்டு வந்த அவள் தம்பி பழைய சாமான்காரரிடம் ஓடினான். அவர் பிரிட்ஜை உடைத்து எடைக்குப் போட்டு இரண்டு நாளாகியிருந்தது.

"உன்னை மாதிரி ஒருத்தி கூட இருந்தா கொலைகாரனுக்குக் கவலையே இல்ல" என்றார் கணவர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊரார் ரத்தத்தைத் துடைத்த கை தன் குடியையும் சேர்த்துத் துடைத்துவிட்டதே. க்ளைம் போட்டால் ஜெயில், போடாவிட்டால் தலைமேல் தளம் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு பாட்டில் மண்ணெண்ணெயோடு வந்தான்.

"அக்கா, நடந்ததைத்தானே திரும்பக் காட்டப் போறோம்? இதுல பொய் எங்க இருக்கு?"

அவளும் சரி என்றுதான் சொன்னாள். துணியைக் கொளுத்தி சுவரோரம் பிடித்தான். உள்ளங்கை அகலத்துக்குக் கரி ஏறியது. அடுத்த துணியை நனைக்க அவன் குனிந்து நிமிர்வதற்குள் சுவர் வெள்ளையாக இருந்தது. அவள் கையில் ஈரத்துணி.

"அக்கா, என்ன பண்ற நீ?"

"தெரியலடா" என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

திங்கட்கிழமை, கடைசி நாள். மத்தியானம் வரை க்ளைம் ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கணவர் இருமிய ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்தாள். கடைசியில், வருவது வரட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை கம்பெனி ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பை வாசலிலேயே கழற்றினார். கொத்தனார் சொன்னதை அவள் சொல்ல, பொறுமையாகக் கேட்டார். தளத்தைத் தட்டினார். "விட்டுப் போயிருக்கு, சரி. ஆனா பழைய வீடு, அதுவாவும் விட்டிருக்கலாம் இல்லையா?" என்றார். தீயின் தடம் தேடி ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். கதவு நிலையின் மேல் விரலை ஓட்டி எடுத்துப் பார்த்தார். விரலில் தூசிகூட இல்லை.

"இங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கேம்மா" என்றார்.

"அதுதானே என் வேலைங்க." வாய் முந்திக்கொண்டது.

அவர் எழுத எடுத்த பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு ஃபைலை மூடினார்.

"என்ன சொல்றார்?" என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார். பளிச்சக்கா போய் கட்டிலருகே நின்று அண்ணாந்து பார்த்தாள். தளம் வெள்ளை வெளேரென்று இருந்தது.