டிரைவருக்கு ஒரு லேப்டாப்

என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வராது. "பாவம்" என்று சொன்னால்தான் வரும். ஒருமுறை பஸ்ஸில் ஒரு பெண்மணி எழுந்து இடம் கொடுத்துவிட்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினாள். இவர் இறங்கும்வரை உட்காரவே இல்லை. அந்த இடத்தில் நானாவது உட்கார்ந்திருக்கலாம். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் கூடவே நின்று கால் கடுத்துப்போனேன்.

ஒரு காலத்தில் லாரி ஓட்டினவர். கண்ணுக்குள் ஏதோ நரம்பு கெட்டு, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் அணைந்துவிட்டது. வேலை போனது. வீட்டில் ஒரு மூலையில் உட்காரும் மனுஷனா அவர்? கதவு, அலமாரி, என் தலை என்று எல்லாவற்றிலும் கொஞ்ச நாள் இடித்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் ஒருநாள் பார்வை இல்லாதவர்களுக்கான பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து டைப்பிங் கற்றுக்கொண்டு வந்தார்.

அவர் வேலை இதுதான். ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன நோய், என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுகளை ஒரு கம்பெனி இவருக்கு அனுப்பும். இவர் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். "எத்தனை பெரிய டாக்டரா இருந்தாலும் பிரேக் என் கால்லதான்" என்பார். டாக்டர்களில் பாதிப் பேர் வார்த்தையை மென்று விழுங்குகிறவர்கள். அதெல்லாம் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

டைப் அடித்தது சரியா என்று படித்துச் சொல்ல லேப்டாப்புக்குள் ஒரு பெண் குரல் இருந்தது. இவர் பழகப் பழக அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நமக்குக் கேட்டால் சட்டியில் கடுகு பொரிகிற சத்தம்தான் கேட்கும். இவர் தலையை ஆட்டி ஆட்டி, நடுவில் சிரிக்கவும் செய்வார். "ரெண்டு பேரும் என்ன பேசிக்கறீங்க?" என்று கேட்டால் "ஆபீஸ் விஷயம்" என்பார். நான் அவளுக்குச் சக்களத்தி என்று பேர் வைத்தேன். நிஜமாகவே கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனால் அவள் வந்த பிறகுதான் இவர் மறுபடி மனுஷன் ஆனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வங்கி மெயில், மகளின் செய்தி, செய்தித்தாள் எல்லாம் அவள் படிப்பாள். என்னிடம் எதையும் நீட்டி இதைப் படி என்று சொன்னதே இல்லை.

அந்த லேப்டாப்பின் திரை எப்போது செத்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான் தினமும் ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து வைப்பேன். ஒருநாள் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எரியவே இல்லையே!" என்றாள். இவர் அப்போது மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"யாருக்குத் தெரியும்? கரண்ட் மிச்சம்" என்றார் இவர், கையை நிறுத்தாமலே.

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எதற்குக் கொடுக்க வேண்டும்?

அந்தச் சிரிப்பு அடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், லேப்டாப்பிலிருந்து கருகல் வாடை வந்தது. சக்களத்தி பாதி வார்த்தையில் நின்றாள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது இவர் பெடல் மேல் காலை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "பேச மாட்டேங்கறா" என்றார்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரை எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் திருப்புளி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. அவர் லேப்டாப்பைப் பிரித்து, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"போர்டே கருகிடுச்சு டிரைவரே. புதுசு வாங்கிடுங்க."

"புதுசுல பழைய சிஸ்டத்தைப் போட்டுத் தருவீங்களா?"

"ஏறாது. அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்தப்போ இந்தப் புது ஹார்டுவேர் எதுவும் பொறக்கவே இல்லை. அதுக்கு இது யாருன்னே தெரியாது." பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு தடித்த லேப்டாப்பை எடுத்தார். "செகண்ட் ஹேண்ட் ஒண்ணு இருக்கு. உடம்பு சுமார்தான், பேட்டரி நிக்காது. ஆனா உள்ள நீங்க கேக்கற அதே பழைய சிஸ்டம்."

அன்று மாலை வீட்டில் பெரிய வழக்காடு மன்றம். மகள் டிக்கெட் பதிவு செய்யும் ஆபீஸில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதால் எங்கள் வீட்டின் நிபுணர் அவள்தான்.

"அப்பா, ஓட்டை உடசலை வாங்கிட்டு வந்து மறுபடி கருகினா? ராம் அதிகமா, புராசஸர் புதுசா, எடை கம்மியா எத்தனை வந்திருக்கு! ஹார்டுவேர் நல்லா இருந்தாதான் நாலு வருஷம் உழைக்கும்."

"லாரி வாங்கறப்போ எஞ்சினைப் பாக்கணும்னு எனக்கும் தெரியும்மா. ஆனா கியர் எங்க இருக்குன்னே தெரியாத வண்டியில எஞ்சின் நல்லா இருந்து என்ன பண்றது? உடம்பு எப்படியோ போகட்டும். மனசு பழைய மனசா இருந்தா போதும்."

"இந்த வயசுல மனசு தேடறாரு பாரு" என்றேன் நான். சிரித்தார். கடைசியில் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஆனது. செகண்ட் ஹேண்ட் வீட்டுக்கு வந்தது.

திருப்புளியே வந்து பழைய டிஸ்க்கிலிருந்த எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தார். கடுகு பொரிந்தது. இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. பெடலை மிதித்துக்கொண்டு, விட்டுப்போன வேலையை எல்லாம் அன்று ஒரே மூச்சில் அடித்துத் தள்ளினார்.

மறுநாள் நான் வழக்கம்போல் ஈரத்துணியோடு போனேன். இந்த லேப்டாப்பில்தான் திரை எரிகிறதே! இவர் டைப் அடித்து அனுப்புகிற கம்பெனி மென்பொருள் திறந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய சிவப்புப் படம். அதற்குள் எழுத்து. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த மாதத்தோடு பழைய பதிப்பு வேலை செய்யாது, புதிய பதிப்புக்கு மாறுங்கள், புதிய பதிப்பு புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் மட்டுமே இயங்கும் என்று இருந்தது.

"என்னங்க, இது எப்போ வந்தது?"

"எது?"

கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டோம். எதிர்முனைப் பெண் நல்ல பிள்ளையாகத்தான் பேசினாள். "சார், ஆறு மாசமா தினமும் காட்டிக்கிட்டு இருக்கோமே. நீங்க பாக்கலையா?"

அந்த அறிவிப்பு படமாக இருந்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சக்களத்திக்குப் படிக்கத் தெரியாது. இவரால் பார்க்க முடியாது. பார்க்கக்கூடிய எனக்கும் மகளுக்கும் காட்ட வேண்டிய திரை இருட்டாகக் கிடந்தது. நான் தினமும் துடைத்துப் பளபளப்பாக்கினதுக்குப் பின்னால்தான் அது ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. யாரை நோவது? எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. திட்ட ஓர் ஆள்கூட அகப்படவில்லை.

செகண்ட் ஹேண்டின் பழைய உடம்பில் புது சிஸ்டம் ஏறாது என்று திருப்புளி கைவிரித்துவிட்டார். மாதம் முடியக் கொஞ்ச நாளே இருந்தது. மூன்று பேரும் பெரிய கடைக்குப் போனோம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய விற்பனைப் பெண் முதலில் காட்டியது காகிதம்போல் மெல்லிசான ஒன்று. பேட்டரி நாள் முழுக்க நிற்குமாம், சூடே ஆகாதாம், பேசும் குரல் உள்ளேயே இருக்கிறதாம். இவர் விரலால் தடவிப் பார்த்து "நல்லா இருக்கு, வழுவழுன்னு இருக்கு" என்றார். மகளுக்கு முகமெல்லாம் பல். கம்பெனி மென்பொருள் இதில் ஓடுமா என்று கேட்டோம். அந்தப் பெண் தேடிப் பார்த்தாள். இதன் ஆப்பரேட்டிங் சிஸ்டமே வேறு, இதற்கு அந்தக் கம்பெனி எதுவும் செய்யவில்லை என்றாள். உதவாத அழகு.

அடுத்தது கொஞ்சம் கனமானது. சிஸ்டம் இவர் பழகிய வகையிலேயே புதியது. அந்தப் பெண் பொறுமையாக ஹெட்போன் கொடுத்தாள், பேசும் குரலைப் போட்டுக் கொடுத்தாள். மகள் புதிய பதிப்பை இறக்கி, அப்பாவின் கணக்கைத் திறந்தாள். இவர் விரல்கள் விசைகளின் மேல் ஓடின. பிறகு நின்றன. மறுபடி ஓடின. அவர் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

"பட்டன்" என்றது குரல். அவர் விசையை அழுத்தினார். "பட்டன்." மறுபடி. "பட்டன்."

புதிய பதிப்பில் எழுத்துகளை எடுத்துவிட்டு அழகழகாகப் படங்கள் வைத்திருந்தார்கள். எனக்குப் பார்த்ததுமே புரிந்தது, இது திறக்க, இது அனுப்ப, இது அழிக்க. குரலுக்கு அங்கே ஒரு பட்டன் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. எது அனுப்பும், எது அழிக்கும் என்று தெரியவில்லை. எழுதும் கட்டத்துக்குள் போனால் அதுவும் இல்லை, மௌனம். தட்டியது விழுந்ததா, மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா, சொல்ல ஆளில்லை.

"இதைவிட ராம் அதிகமா எடுத்தா பேசுமா?" என்று நான் கேட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "மேடம், மெஷின் நல்ல மெஷின்தான். தப்பு அந்த மென்பொருள்ல" என்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

கம்பெனிக்கு மறுபடி போன் போட்டோம். அதே பெண். "நோட் பண்ணிக்கிட்டோம் சார். மேல அனுப்பறோம்." எப்போது சரியாகும்? "அது எனக்குத் தெரியாது சார்." அவளையும் என்ன சொல்ல. மேலே என்பது எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நான் இவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. "அந்தக் கனமானதையே எடுத்துக்கலாம்" என்றார். எதற்கு என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் பெட்டியைப் பிரித்து, அவர் மேஜையில் வைத்து ஓடவிட்டாள். புது லேப்டாப் இல்லையா, ஒவ்வொன்றாகக் கேட்டது. மொழி என்ன, ஊர் எது, நேரம் என்ன. பிறகு, யார் பயன்படுத்தப் போகிறீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று நின்றது. மகள் தட்ட ஆரம்பித்தாள்.

"என் பேரா அடிக்கிற?" என்றார் இவர்.

"ஆமாப்பா."

"அழிச்சிடு. அம்மா பேரைப் போடு."

"எனக்கு எதுக்குங்க? இது உங்க மெஷின்" என்றேன்.

"பட்டன் உன் கண்ணுக்குத்தானே தெரியுது? நான் டாக்டர் சொல்றதைக் கேட்டுச் சொல்றேன். நீ அடி."

"எனக்கு ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு யுகம் ஆகும். மருந்துப் பேர் எல்லாம் எனக்கு எங்க தெரியும்? தப்பா அடிச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார். "நீ மெதுவா அடி. நான் கிளீனர் சீட்டுல உக்காந்துக்கறேன்."

எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, சுவரோரம் இருந்த ஸ்டூலைத் தேடித் தடவி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் எழுத்துகளை அழித்துவிட்டு என் பெயரை அடித்தாள். எனக்கு அழுகை வந்தது. சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. அதில் ஏதோ வரிகள் வந்தன. இவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன எழுதியிருக்கு? படி" என்றார்.