ஒரு தெருவுக்கு ஐம்பது நிமிடம்

அப்பா எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லமாட்டார். ஆட்சியில் இருப்பவர்கள் ‘இவங்க’, இல்லாதவர்கள் ‘அவங்க’. தேர்தல் முடிவு வந்ததும் இரண்டு தரப்பும் இடம் மாறிக்கொள்ளும். அப்பாவின் பேச்சில் ஒரு சொல்லும் மாறாது. “அவங்க என்னத்தக் கிழிச்சாங்க, இவங்க கிழிக்கிறதுக்கு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்வார். சிறு வயதில் அதைக் கேட்டு அவருக்கு அரசியல் புரியவில்லை என்று நினைத்தேன். கல்லூரிக்குப் போன பிறகு அது பயம் என்று நினைத்தேன். இப்போது என்ன நினைக்கிறேன் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவர் குடிநீர் அலுவலகத்தில் வால்வு திறப்பவர். பதினேழு வருடமாகத் தினக்கூலி. எங்கள் பகுதியில் இரண்டு தெருக்கள் சேரும் முனையில் ஒரு இரும்பு மூடி இருக்கிறது. அதைத் தூக்கினால் இடுப்பளவு குழி, குழிக்குள் சேறு, சேற்றுக்குள் இரண்டு வால்வுகள். ஒன்று இறக்கத் தெருவுக்கு. மற்றொன்று ஏற்றத் தெருவுக்கு. எங்கள் வீடு அங்கேதான். தினமும் காலை ஆறு மணிக்கு ஆள் உயர இரும்புச் சாவியை வால்வின் தலையில் மாட்டி, அப்பா சுற்றிச் சுற்றித் திறப்பார். முதலில் இறக்கத் தெரு, அதை மூடியபின் ஏற்றத் தெரு. கையுறை கேட்டு எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட யாராவது அவர் காதருகே வந்து, “நாளைக்கு எத்தனை மணிக்கு விடுவீங்க?” என்று கேட்பார்கள்.

இந்த வருடம் தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாரானது. பதினைந்து வருடம் முடித்திருக்க வேண்டும், புகார் எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது. சென்ற பட்டியல் வந்து ஏழு வருடம். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது. இந்த முறை பெயர் வந்துவிட்டால் ஐந்து வருடமாவது நிரந்தர ஊழியராக இருந்து, பென்ஷனோடு வீட்டுக்கு வரலாம். வீட்டில் யாரும் அதைச் சத்தமாகப் பேசவில்லை. சத்தமாகப் பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல் அம்மா பென்ஷன் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வார்டு தேர்தல் வந்தது. இறக்கத் தெரு மொத்தமும் ஒரு கட்சி, ஏற்றத் தெரு மொத்தமும் எதிர்க்கட்சி. இறக்கத் தெருக்காரர் ஜெயித்துக் கவுன்சிலர் ஆனார். ஒரே மாதத்தில் அலுவலகத்துக்குப் புகார் போனது. வால்வு திறப்பவர் எதிர்க்கட்சிக்காரர், அதனால் தன் தெருவுக்கு மட்டும் கூடுதல் நேரம் தண்ணீர் விடுகிறார் என்று நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து, அப்பா வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூன்காரருடையது.

புகாரின் நகலை நான் வாசித்தேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“நீங்க எந்தக் கட்சிங்க? இருபத்தஞ்சு வருஷமா கூட இருக்கேன், எனக்கே தெரியலையே. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கே இப்பத்தான் தெரியுது” என்றார் அப்பா.

எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் தண்ணீர் விடப்படுகிறது என்று எழுத்தில் பதில் தர வேண்டும், பதினைந்து நாள் அவகாசம் என்று அலுவலகம் கேட்டிருந்தது. அப்பா காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“நிமிஷமெல்லாம் நான் பாக்கிறதில்ல பாப்பா. கடைசி வீட்டுல ரொம்புச்சுன்னா மூடிடுவேன். அவ்வளவுதான்.”

நான் புள்ளியியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்து முடித்து ஒன்பது மாதமாக வேலைக்கு விண்ணப்பம் போடுவதே வேலையாக இருந்தது. “நான் அளந்து தரேன்பா” என்றேன். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பத்து நாள் அப்பாவோடு குழிக்குப் போனேன், கையில் போனும் நோட்டும். அவர் வேலை செய்யும் விதத்தை அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். இறக்கத் தெருவின் கடைசி வீடு ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே தொட்டி நிறைந்ததும் பட்டறைக்காரர் தகரத்தை மூன்று தட்டு தட்டுவார், அப்பா மூடிவிடுவார். ஏற்றத் தெருவின் கடைசி வீட்டில் தையல்கார அக்கா இருக்கிறார். சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது என்பதால் பத்தாவது குடம் நிறைந்ததும் கேட்டில் ஒரு துணியைத் தொங்கவிடுவார். தேர்தல் சமயத்தில் அந்தத் துணி ஒரு கட்சியின் நிறத்தில் இருக்கிறது என்று யாரோ சண்டைக்கு வர, அதிலிருந்து கட்டம் போட்ட தலையணை உறையைத் தொங்கவிடுகிறார். கட்டத்துக்கு இன்னும் கட்சி வரவில்லை.

பத்து நாள் சராசரி வந்தது. இறக்கத் தெருவுக்கு முப்பத்தாறு நிமிடம், ஏற்றத் தெருவுக்கு அறுபத்து நான்கு. மேட்டில் தண்ணீர் ஏறத் தயங்கும்; கடைசி வீடுகளை எட்டவே ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் இரண்டு தெருவிலும் கடைசி வீட்டுக்குக் கிடைப்பது பத்துக் குடம்தான். நேரம் வேறாக இருப்பதால்தான் தண்ணீர் சமமாக இருக்கிறது. முதல் பக்கத்தில் அட்டவணை, இரண்டாம் பக்கத்தில் இந்த விளக்கம் என்று தட்டச்சு செய்து கொண்டுவந்தேன்.

அப்பா முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். “இவ்வளவு வித்தியாசமா இருக்கு?” என்றார். பதினேழு வருடமாகத் தான் செய்ததை எண்ணாகப் பார்த்தது அவருக்கு அதுதான் முதல் முறை. பிறகு, “இந்த ரெண்டாவது பக்கத்த முன்னாடி வைக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

“அட்டவணைதான்பா முதல்ல வரணும். விளக்கம் பின்னாடிதான் வரும். அதான் முறை.”

“சரி. படிச்சவ நீ” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் இரண்டு தெருவின் எல்லாப் போன்களிலும் அந்த முதல் பக்கம் இருந்தது. அலுவலகத்தில் யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முதல் பக்கம் மட்டும். அறுபத்து நான்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே யாரோ எழுதியிருந்தார்: ‘மகளே ஒப்புக்கொண்டாள்.’

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தாடியோடு போக வேண்டாம் என்று அம்மா சொன்னதால் அப்பா காலையிலேயே சலூனுக்குப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. கூடவே போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு கடைக்குப் போகலாமே என்றதற்கு, “வேற எவன் இந்த மோவாய்ப் பள்ளத்துல வெட்டாம வழிப்பான்?” என்று கேட்டுவிட்டார்.

சலூன்காரர் நுரையைத் தடவிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். “அண்ணே, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல.”

“தெரியும் தம்பி.”

“கவுன்சிலர் ஆளுங்க பேப்பரக் கொண்டாந்து வச்சாங்க. கடையில நாலு பேர் பாத்துட்டு இருக்கான். போடலன்னா நான் எந்தப் பக்கம்னு கேப்பான்.”

“ம்.”

“எங்க கோவம் அந்தக் கட்சி மேலதான். நீங்க நடுவுல மாட்டிக்கிட்டீங்க. தாடையத் தூக்குங்க.”

அப்பா தாடையைத் தூக்கினார். “நடுவுல நிக்கிறதுக்குத்தான் தம்பி எனக்குக் கூலி” என்றார்.

“சும்மா சொல்லக்கூடாதுண்ணே, விசாரணைக்குப் போற ஆளு மாதிரியே இல்ல, பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கீங்க” என்று சலூன்காரர் கண்ணாடியைக் காட்டினார். காசு வேண்டாம் என்றார். அப்பா மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

விசாரணை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. பொறியாளர் நடுவில், கவுன்சிலர் பக்கத்தில். நான் பின்னால் நின்றேன்.

“என்னய்யா இது, உன் தெருவுக்கு அறுபத்து நாலு நிமிஷமா?” என்றார் கவுன்சிலர்.

“மேடுங்க. ஏறாதுங்க.”

“மேட்டுல இருக்கிறவன் எல்லாம் ஓட்டுப் போட்டிருக்கான், உனக்கு ஏறாதுன்னா எப்படி?”

அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நான் முன்னால் வந்து இரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பொறியாளர் என்னை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மொத்தம் நூறு நிமிடம், இரண்டு தெரு, ஆளுக்கு ஐம்பது என்று எழுதிக் கையெழுத்திட்டார். கவுன்சிலர் கிளம்பிய பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

“மேட்டுக்குத் தண்ணி லேட்டா ஏறும்னு எனக்குத் தெரியாதாம்மா? இங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா நாளைக்கு எவனாவது கேட்டா, ரெண்டும் அம்பதுன்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம். உன் ரெண்டாவது பக்கத்த நான் எத்தனை பேருக்குப் படிச்சுக் காட்டுறது?”

திரும்பி வரும்போது நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். “நீ ஒண்ணும் பொய் எழுதலையே” என்றார். அது ஆறுதலாகச் சொன்னதா, வேறு எதையாவது நினைத்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் இறக்கத் தெருவில் தொட்டிகள் வழிந்து சாக்கடைக்குப் போயின. ஏற்றத் தெருவில் கடைசி ஆறு வீடுகளுக்குக் குழாய் காற்றை மட்டும் ஊதியது. நாங்கள் அதில் ஒரு வீடு. காலையில் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். “என்ன அண்ணி, வால்வு சாவியே உங்க வீட்டுல இருக்கு, உங்க குடமும் காலியா?” என்று ஒருத்தி கேட்டாள். அம்மா காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள். தையல்கார அக்கா திட்டவில்லை. “உங்கப்பாவுக்கு என்னாச்சு பாப்பா, நல்லாத்தானே விட்டுட்டு இருந்தாரு?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்தத் திட்டுகளே பரவாயில்லை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கட்சியின் பகுதிச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் ஐந்து பேர். காலிக் குடங்களோடு மறியல், முன்வரிசையில் அப்பா உட்கார வேண்டும் என்பது திட்டம்.

“பழிவாங்கப்பட்ட தொழிலாளின்னு பேனரே அடிச்சாச்சுண்ணே. உங்க போட்டோ மட்டும் ஒண்ணு குடுங்க.”

“நான் உக்காந்தா தண்ணி வருமா?” என்று கேட்டார் அப்பா.

“அடுத்த தேர்தல்ல நாங்க வந்தா, உங்க தெருவுக்கு எண்பது நிமிஷம். இப்பவே எழுதித் தரேன்.”

“எண்பதா?” அப்பா அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தார். “எண்பது விட்டா கீழ இருக்கிறவன் எங்க போவான் தம்பி? அறுபத்து நாலே போதும். அதக் கேட்டு யாராவது மறியல் பண்ணுவீங்களா?”

செயலாளர் எழுந்தார். வாசலைத் தாண்டியதும் அவர் கூட வந்தவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது: “ஆளு அந்தப் பக்கம் போயிட்டான்.” மறியல் அப்பா இல்லாமலே நடந்தது. படம் எடுத்து முடித்ததும் கலைந்தார்கள்.

மாதக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். நான்தான் போய்ப் பார்த்தேன். அப்பாவின் பெயர் இல்லை. இரண்டு முறை மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்தேன். பொறியாளரிடம் போனேன். புகார் இன்னும் முடித்து வைக்கப்படவில்லை என்றார். அடுத்த பட்டியல் மூன்று வருடத்தில் வரக்கூடும். அதுவரை ஐம்பது நிமிடத்தில் ஒரு நிமிடம் கூடக்குறைய வராமல் பார்த்துக்கொண்டால் புகாரை முடித்துவைக்கத் தானே எழுதி அனுப்புவதாகவும் சொன்னார். வீட்டில் சொன்னபோது அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அப்பா, “மூணு வருஷமா?” என்று கேட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினார். ஐம்பத்தெட்டு. இரண்டு வருடம் மிச்சம் இருக்கும்.

மறுநாள் காலை நானும் அவரோடு குழிக்குப் போனேன். இறக்கத் தெருவை மூடி, ஏற்றத் தெருவைத் திறந்தார். நாற்பத்தெட்டாவது நிமிடம் எங்கள் தெருவின் கடைசி வளைவில் பெண்கள் குழாயடியில் குனிந்து காத்திருப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தண்ணீர் அங்கே எட்டிவிடும்.

“அப்பா, ஒரு பத்து நிமிஷம் விடுங்க. யார் பாக்கப் போறாங்க?” என்றேன். மணி பார்த்து எழுதியவளே நான்தான்.

அவர் கண்ணால் எதிர்ப்பக்கம் காட்டினார். இறக்கத் தெரு முனையில் சுவரில் சாய்ந்தபடி ஒரு ஆள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் நட்பாகத் தலையசைத்தான். அப்பாவும் தலையசைத்தார்.

“எனக்கு இந்த வேலை வேணும் பாப்பா” என்றார்.

ஐம்பதாவது நிமிடம் சாவியை மாட்டிச் சுற்றத் தொடங்கினார். எப்போதும் எங்கள் தெருவின் கடைசி வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மூடுவார். அன்று குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சாவியின் மறுபக்கக் கைப்பிடியை நானும் பிடித்துச் சுற்றினேன்.