வாசனை சேர்க்கப்பட்ட வாயு

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகமில்லை, லைட்டரைத் தேடிய அவர் கை. அன்று சாயங்காலம் மெட்டுகுடாவில் அக்கா வீட்டு மாடிப்படியில் பக்கோடாப் பொட்டலத்தோடு ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியிலேயே கேஸ் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனால், அத்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தித்தாளில் கட்டத்துக்குள் எண் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், பொங்கி வழிந்த பால் அடுப்பை அணைத்திருந்தது. திருகு திறந்தபடி, கேஸ் சீறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “வா மாப்ள, சரியான நேரத்துக்குத்தான் வந்த. காப்பி போடுதேன்” என்று எழுந்து அடுப்படிக்குப் போய், மேடையில் லைட்டரைத் தடவினார்.

என் உடம்பைப் பார்த்தவர்கள் நான் ஓடுவேன் என்று நம்பமாட்டார்கள். வாழ்க்கையில் இரண்டு தரம்தான் ஓடியிருக்கிறேன், இன்னொரு தரம் ஓடியது நாய்க்குப் பயந்து. பக்கோடா வீடெல்லாம் சிதற, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். ஃபேனைப் போடப் போனவரைப் பார்த்து, ஸ்விட்சைத் தொடாதீங்க என்று கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல், திருடனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து நின்று, மார்பு விரிய மூக்கால் இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, “ஒண்ணுமே தெரியலையே மாப்ள” என்றார்.

இதில் கேலி என்னவென்றால், நான் சிகந்தராபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் வாத்தியார். ‘நிலக்கரியும் பெட்ரோலியமும்’ என்ற பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறவன். அந்தப் பாடத்துக்கு என்னிடம் ஒரு வித்தை உண்டு. வகுப்பில் பூமிக்கடியிலிருந்து வராத பொருள் ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள் என்பேன். பிள்ளைகள் தெலுங்கிலும் ஹிந்தியிலுமாகக் கூவும். பேனாவா, பெட்ரோலியம். பையா, பெட்ரோலியம். சாரின் சட்டையா, சுத்தமான பாலியெஸ்டர், அதுவும் பெட்ரோலியம். கடைசியில் ஏதாவதொரு வாலுப்பையன் என் வழுக்கையைக் காட்டுவான். அதற்கும் நான் பாரஃபின் கலந்த தைலம்தான் தடவுகிறேன் என்பேன். வகுப்பு உருளும். சிரிப்பு அடங்குவதற்குள் அந்த இரண்டு மதிப்பெண் கேள்வியைப் போட்டுவிடுவேன். சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் மனிதனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே ஒரு நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அதன் பெயர் எத்தில் மெர்கேப்டான். எழுதிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வரும். மனிதனுக்கு மூக்கு வேலை செய்யவேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் எழுதவில்லை. நானும் சொன்னதில்லை.

அத்தானுக்கோ ஒரு காலத்தில் எங்கள் கூட்டத்திலேயே பெரிய மூக்கு. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் வந்து சிகந்தராபாத்தில் தங்கிப்போன சபைக் குடும்பங்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியேறும்போதே அத்தான் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார். கீழ்வீட்டு ஆந்திராக்காரம்மா கோங்கூரா என்கிற புளிச்சக்கீரையில் புளிப்புப் போதாமல் வைத்தால், அதுகூடத் தெரியும். ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட்டுவிட்டு, விரலில் தொட்டு முகர்ந்து, “மண்ணெண்ணெய்க்காரனும் பெட்ரோல்காரனும் சம்பந்தம் பண்ணிட்டானுவ” என்பார். பாடத்தில் கச்சா எண்ணெயைச் சூடாக்கிப் பிரிக்கும் கோபுரத்தின் படம் இருக்கிறதே, மேலே வாயு, கீழே தார் என்று, அதை அவர் மூக்கிலேயே கட்டி வைத்திருந்தார். அந்த மூக்கைக் கொண்டுபோய், பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ரசாயனக் கரைப்பான்களைக் காய்ச்சி வடித்துத் திரும்பப் பிடிக்கும் பிரிவில் பாதி ஆயுளுக்கு வைத்தார். டொலுயீன், அசிட்டோன், இன்னும் வாயில் நுழையாதவை. ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் சட்டையை அக்கா தனியாகத்தான் துவைப்பாள். ‘சளி பிடிச்சிருக்கு’ என்றுதான் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். பிறகு கம்பெனி அவரைச் சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. சளி அவரோடு வந்துவிட்டது. மூக்கு வேலையால் போனதா என்று டாக்டரிடம் கேட்டோம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். நான்கூடப் பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போடமாட்டேன்.

அன்றைக்குப் பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டாள். அத்தான் வீட்டில் தனியாக இருக்கக்கூடாது. அவள் ரயில்வே ஆபீசுக்குப் போயாக வேண்டும், மகள் காலேஜுக்குப் போயாக வேண்டும். ஆகவே அத்தானைக் காலையில் எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு மாலையில் எடுத்துவந்தார்கள். திங்கள் கீழ்வீடு, செவ்வாய் சபை மண்டபத்துப் பின்னறை, சில நாள் என் வீடு. அரை நாள் அனுமதி வாங்கி நானும் அவரும் ரேழியில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அவர் வீட்டிலேயே இருக்கிறேன் என்று அடம்பிடிக்க, மகள் பையை மாட்டிக்கொண்டே “நக்கோ டாடி, ப்ளீஸ்” என்று ஊர் ஹிந்தியில் வேண்டாம் என்றாளாம். பச்சைக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினாள் என்று என்னிடம் சொன்னார். நான் என் வழக்கப்படி, பரவாயில்லை அத்தான், உங்களை டே கேரில் போட்டால் விளையாட்டுச் சாமானாவது கிடைக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொல்லும் ஜோக்குக்கு அவர் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல்முறை.

சாப்பாடும் விட்டுப்போயிற்று. ராம்நகர் மார்க்கெட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கிவந்து அக்கா குழம்பு வைப்பாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எப்படி இருக்கு என்று கேட்டால், “சூடா இருக்கு” என்பார். காரமும் உப்பும் சூடும்தான் அவருக்கு மிச்சம். மற்றதெல்லாம் வாயில் போட்டால் ஈரத் துணியை மெல்வதுபோல இருக்கிறதாம். உடம்பு வற்றி, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

டாக்டர் ஒரு வழி சொன்னார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் என்று நாலு சின்னக் குப்பிகள். காலையும் மாலையும் ஒவ்வொன்றாய் முகர்ந்து, அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனசுக்குள் தேடவேண்டும். தூங்கிப்போன நரம்பு சிலருக்கு விழித்துக்கொள்ளும், சிலருக்கு இல்லை. அத்தான் ஜெபம் பண்ணுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். மாதங்கள் போயின. ஒருநாள் காலை, “ஏட்டி, கிராம்பு லேசா வருது” என்றார். அக்கா ஆபீசிலிருந்து எனக்குப் போன் போட்டு அழுதாள். பிறகு எலுமிச்சை வந்தது. ரோஜா வந்தது. நாலும் வந்த வாரம், ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் அக்கா எழுந்து முன்னால் போனாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் ஜெபம்பண்ணச் சொன்னாலே பின்வரிசைக்கு நழுவிவிடுகிறவள், மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரருக்கு ஆண்டவர் வாசனையைத் திரும்பக் கொடுத்தார் என்றாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. அத்தான் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நன்றியில் குனிகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சட்டம் ரத்தாயிற்று. அடுத்த வாரம் நான் அவரைப் பார்க்கப் போனபோது வீட்டில் தனியாக, லுங்கியோடு, ராஜா மாதிரி படுத்திருந்தார். எனக்கு விளையாட வேண்டும் போலிருந்தது. பீரோவில் துணிக்கு நடுவே போடும் அந்துருண்டை ஒன்றை எடுத்து நசுக்கினேன். நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது, பாடத்தில் இருக்கிறது, ஊருக்கே மணக்கும். கிராம்புக் குப்பியைக் கொட்டிவிட்டு அதை உள்ளே போட்டு மூடி, மாலைப் பயிற்சிக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் மூஞ்சியைச் சுளிக்கப்போகிறார், ‘அடப்பாவி’ என்று தலையில் குட்டப்போகிறார் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். “கிராம்பு” என்றார். “இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலாவே இருக்கு மாப்ள.”

நான் சிரிக்கவில்லை என்பது கண்ணை மூடியிருந்தவருக்கு எப்படித் தெரிந்ததோ, கண்ணைத் திறந்தார். குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாலு குப்பிக்கும் நாலு நிற மூடி. நீலகிரித் தைலம் மட்டும் மூக்குக்குள் சில்லென்று குத்துமாம், வாசனையாக இல்லை, குளிராக. மற்ற மூன்றும் மூடியின் நிறத்தைப் பார்த்துச் சொன்னதுதான்.

“அக்காட்ட சொல்லிராத” என்றார். “அவ சபையில எந்திரிச்சு சாட்சி சொல்லிட்டா மாப்ள. இனி நான் என்னன்னு சொல்ல? கர்த்தர் செய்யலன்னா?” குப்பியை மூடிவிட்டு, “ஒரு மத்தியானம் என் வீட்டுல நான் தனியா கெடக்கணும். வேற ஒண்ணும் கேக்கல” என்றார்.

எந்த ஆம்பளையும் கேட்கக்கூடிய மிகச் சின்ன ஆசை அது. ஆனால் அந்த ஆசைக்கும் பால் பாத்திரத்துக்கும் நடுவே நாலு எட்டு தூரம்தான். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். கேஸ் கசிந்தால் கத்துகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி, மின்சாரத்தில் சொருகி, அடுப்படியில் தரையோரம் மாட்டினேன். கேஸ் கனமானது, கீழேதான் படியும், பாடத்தில் இருக்கிறது. அக்காவிடம் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்தார்கள் என்று புளுகினேன். அத்தானுக்குப் போன மூக்கு இரவல் மூக்காக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அந்த மூக்கோ அத்தானின் பழைய மூக்கையும் மிஞ்சியது. ஃபினாயில் போட்டுத் துடைத்தால் கத்தியது. மகள் சென்ட் அடித்தால் கத்தியது. கொசு மருந்துக்குக் கத்தியது. கீழ்வீட்டு அம்மா கம்பெடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். ஒரு வாரத்தில் அக்கா அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, “உங்க அத்தானுக்குத்தான் மூக்கு வந்தாச்சே, இது எதுக்குல?” என்றாள். அவளுக்குப் பின்னால் அத்தான் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் ஆபீஸ் வாசலில் காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சரியான காரியம்தான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அக்கா அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்திவிட்டு, “நீ சொன்னது அவுகளுக்குத் தெரியவேண்டாம்” என்றாள். அந்த வாரமே, தோசை சீக்கிரம் வருகிறது, சுத்தம், இப்போது எல்லாரும் இதுதான் வாங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு மின்சார அடுப்பு வாங்கினாள். சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாள். கேஸ் போய் மின்சாரம் வந்தது. அதற்கும் எங்கேயோ வடக்கே நிலக்கரிதான் எரிகிறது, அந்தப் புகை நம் வீட்டுக்கு வருவதில்லை, அவ்வளவே. யாருக்கும் ஆபத்தில்லை. அத்தான் இப்போது நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கலாம்.

அவர் முட்டாளா என்ன. அடுத்த தரம் நான் போனபோது, கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்த அந்தக் கறுப்பு அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். “என்னை நம்பி விட்டுட்டுப் போகல மாப்ள” என்றார். “என்கிட்ட ஒண்ணுமில்லாம ஆக்கிட்டுப் போறாவ.” அந்த வீட்டில் இப்போது இருவரும் மற்றவருக்குத் தெரியாது என்று நடிக்கிறார்கள். காலையும் மாலையும் நாலு குப்பியும் வெளியே வருகின்றன. அவர் முகர்ந்து பேர் சொல்கிறார். அக்கா ‘ஸ்தோத்திரம்’ என்று மூடி வைக்கிறாள். சாட்சியை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எப்படி வாங்குவது, எந்த மைக்கில்?

இந்த வருஷமும் பாடம் நடத்தினேன். தீர்ந்துபோகும் வளங்கள், தீராத வளங்கள் என்று இரண்டு பத்தி போட்டு எழுதச் சொன்னேன். ஒரு வாலுப்பையன் என் வழுக்கையைக் காட்டினான், வகுப்பு சிரித்தது. கேஸ் வாசனைக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பதிலை அவர்களையே புத்தகத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். ஓர் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, அத்தானைத் தேடிக்கொண்டு வந்தாள். கொரோனாவில் போன மூக்கு இன்னும் வரவில்லையாம். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத் தூக்கிக்கொண்டால் எல்லாரும் முகர்ந்து கொஞ்சுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை அண்ணே என்றாள். அக்கா சொன்ன சாட்சியை அவள் அம்மா போனில் சொன்னாளாம். உங்களுக்கு எப்படி வந்தது, எத்தனை மாசம் ஆயிற்று என்று கேட்டாள். அக்கா சட்டென்று திரும்பி, இல்லாத செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். இங்கே ஒரு வார்த்தையில் அவர் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடலாம். அவருக்கும் அது தெரிந்தது என்றே நினைக்கிறேன். உதடு ஒருமுறை அசைந்தது.

குழந்தை அவர் பக்கம் கையை நீட்டியது. அவர் குனிந்து, அதன் தலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, அன்றைக்குக் கேஸுக்குள் நின்று இழுத்தாரே, அதைவிட ஆழமாக இழுத்தார்.

“விடாம செய்யும்மா” என்றார் நிமிர்ந்து. “கிராம்புதான் மொதல்ல வரும்.”